பதில் வராத பரிவர்த்தனையைத் தோல்வி என்று அறிவிக்காதீர்கள்

இணைய வணிகத் தளங்களை நடத்துபவர்களுக்கும், அவற்றுக்காகப் பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனங்களுக்கும், கார்டு வழங்கும் வங்கிகளுக்கும்:

"பரிவர்த்தனை தோல்வியடைந்தது. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 5 முதல் 7 வேலை நாட்களுக்குள் திரும்ப வரவு வைக்கப்படும்."

இந்த வாசகமோ இதன் சாயலில் இன்னொன்றோ உங்களில் பலருடைய கட்டணப் பக்கங்களில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது நீங்கள் எடுத்த முடிவு. அந்த முடிவை ஏற்க முடியாததால் இந்த மடலை எழுதுகிறோம். முதல் வாக்கியம் தோல்வி என்று அடித்துச் சொல்கிறது. அடுத்த வாக்கியம் பணம் போயிருக்கலாம் என்கிறது. பணம் போயிருந்தால் அது எப்படித் தோல்வியாகும்? என்ன நடந்தது என்று உங்கள் சர்வருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தோல்வி என்று எழுதிவிட்டு, மிச்சப் பொறுப்பை வாங்குபவரின் தலையில் கட்டிவிடுகிறீர்கள்.

கட்டணப் பக்கங்களுக்கு நிரல் எழுதுகிறவர்களும், நாள் முடிவில் கணக்குகளை ஒத்துப்பார்க்கிறவர்களும், புகார்களுக்குப் பதில் தேடுகிறவர்களும் சேர்ந்து எழுதுவது இது. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிவைக்கவில்லை. குறை தொழில் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அந்த 5 முதல் 7 நாள் வாக்குறுதிக்குப் பின்னால் பல நேரங்களில் எந்த ஏற்பாடும் இல்லை என்பதை உள்ளே இருந்து பார்க்கிறோம். அதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

வாங்குபவர் கார்டு எண்ணைத் தட்டியதும், எண் பிழையாக இருக்கிறதா என்பதைப் பக்கமே லூன் சோதனை என்ற சிறு கணக்கால் கண்டுபிடித்துவிடும். கார்டின் கடைசி இலக்கம் அதற்காகவே இருக்கிறது. பக்கம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் அந்த எண் வணிகரின் சர்வரைத் தொடாமல் நேராகக் கேட்வேக்குப் போகும். வணிகருக்கு அந்த எண்ணுக்குப் பதிலாக நிற்கும் ஒரு டோக்கன் மட்டும் கிடைக்கும். கார்டு விவரப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் சுமை இதனால் பெரிதும் குறைகிறது. அடுத்தது அடையாளச் சோதனை: வங்கியின் பக்கம் திறந்து ஓடிபி கேட்கும், அல்லது வங்கியின் செயலி ஒப்புதல் கேட்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பணத்துக்கான கோரிக்கையே கிளம்புகிறது. கேட்வே, வணிகரின் வங்கி, கார்டு வலையமைப்பு, கார்டு வழங்கிய வங்கி என்று கைமாறிப் போய், பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

வங்கிகளுக்கும் வலையமைப்புக்கும் இடையே ஓடும் இந்தச் செய்திகளின் வடிவம் ஐஎஸ்ஓ 8583. 1987இல் வெளியான தரம் அது. 0100 என்று தொடங்குவது ஒப்புதல் கோரிக்கை. 0110 அதற்கான பதில். பதிலின் 39ஆம் புலத்தில் இரண்டு இடக் குறியீடு ஒன்று இருக்கும். 00 வந்தால் ஒப்புதல். 51 வந்தால் இருப்பு போதவில்லை, 54 வந்தால் கார்டு காலாவதி, 05 வந்தால் காரணம் சொல்லாத மறுப்பு. மறுப்புக் குறியீடு கையில் இருக்கும்போது "தோல்வி" என்று காட்டுவதில் தவறே இல்லை. சிக்கல் இந்தக் குறியீடு எதுவுமே வந்து சேராதபோதுதான்.

கார்டு வழங்கிய வங்கி 00 என்று முடிவெடுக்கும்போதே அந்தத் தொகையைக் கணக்கில் பிடித்துவைத்துவிடுகிறது. வாங்குபவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் போய்விடுகிறது. பதிலின் திரும்பு பயணம் அதன் பிறகுதான். அது வழியில் எங்கே அறுந்தாலும் வாங்குபவர் காண்பது ஒரே காட்சி: கைப்பேசியில் பணம் போன செய்தி, திரையில் தோல்வி. ஆனால் எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்து, பணத்துக்கு நடப்பது அடியோடு மாறும்.

வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே அறுந்தால், வணிகரின் வங்கி காத்திருந்து பார்த்துவிட்டு 0400 அல்லது 0420 வகை ரிவர்சல் செய்தியை அனுப்ப வேண்டும். 'நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, ஒப்புதல் கொடுத்திருந்தால் ரத்து செய்' என்பது அதன் பொருள். பதில் கிடைக்கும்வரை 0420 மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். இங்கே பிடிப்பு தானாக விடுபட வழி இருக்கிறது. உங்கள் வாசகம் ஓரளவு பொருந்துவதும் இங்கேதான்.

கேட்வேக்கும் வணிகரின் சர்வருக்கும் நடுவே அறுந்தால் கதை வேறு. 00 கேட்வேயின் கையில் பத்திரமாக இருக்கிறது. வங்கிகளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக முடிந்தது; ரிவர்சல் அனுப்ப யாருக்கும் காரணமில்லை. கேப்சர் எனப்படும் வசூல் உத்தரவு தானாகப் போகும்படி கணக்கு அமைக்கப்பட்டிருந்தால், அந்தப் பணம் அடுத்த செட்டில்மென்டில், அதாவது வசூலான தொகையை வணிகருக்குக் கணக்குத் தீர்க்கும்போது, அவருடைய கணக்குக்கே வந்து சேரும். அதாவது, "தோல்வி" என்று சொன்ன அதே கடையின் கணக்கில் வாங்குபவரின் பணம் உட்கார்ந்திருக்கும். 7 நாள் கழித்து அதைத் திருப்பி அனுப்பப் போவது யார்? யாராவது ஒருவர் ரீஃபண்ட் போட வேண்டும். போடவில்லை என்றால் அது திரும்பாது, 7 நாளிலும் இல்லை, 70 நாளிலும் இல்லை. பணம் தானாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையை ஊட்டி, புகார் செய்ய வேண்டிய நாட்களில் வாங்குபவரைச் சும்மா இருக்கவைக்கிறது உங்கள் வாசகம். எங்களை மிகவும் உறுத்துவது இதுதான்.

மூன்றாவது இடம் பிரவுசர். ஓடிபி வந்த குறுஞ்செய்தியைப் பார்க்க வாங்குபவர் வேறு செயலிக்குப் போகிறார். நினைவகம் குறைந்த கைப்பேசியில் பின்னணிக்குத் தள்ளப்பட்ட பிரவுசர் தாவலை இயங்குதளம் மூடிவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு, நடந்த வேலை கலைந்துபோகும். இதிலும் இரண்டு வகை உண்டு. அடையாளச் சோதனை முடிந்து பிரவுசர் கேட்வேக்குத் திரும்பிய பிறகே 0100 அனுப்பும் அமைப்பாக இருந்து, பிரவுசர் அந்த இடத்திலேயே அறுந்திருந்தால், பணக் கோரிக்கை கிளம்பவே இல்லை; பணமும் போகவில்லை. கேட்வே ஒப்புதல் வாங்கிய பின் பிரவுசரைக் கடைக்குத் திருப்பி அனுப்பும் வழியில் அறுந்திருந்தால், பணம் போய்விட்டது. வாங்குபவரால் இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. உங்களால் முடியும். கேட்வேயிடம் ஒரு ஸ்டேட்டஸ் கேள்வி போதும். இந்த அடையாளச் சோதனைக்கான தரமாக 2016இல் வெளியான இஎம்வி 3டிஎஸ் வடிவத்தில், சோதனையின் முடிவு பிரவுசரை நம்பாமல் சர்வரிலிருந்து சர்வருக்கே தனிச் செய்தியாக வருகிறது. அப்படி வந்து சேர்ந்த தகவலை எடுத்துப் பார்க்காமல், பிரவுசர் வரவில்லை என்பதற்காக மட்டும் தோல்வி என்று முத்திரை குத்தும் நிரல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பதில் தொலைந்துபோவதை அடியோடு ஒழிக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். நம்பகமற்ற தடத்தின் இரு முனையில் இருப்பவர்கள், எத்தனை செய்தி பரிமாறினாலும், இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம் என்று முழு உறுதி பெற முடியாது. 1975இலேயே ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்ட இந்த முடிவுக்கு 1978இல் ஜிம் கிரே 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்று பெயர் வைத்தார். ஆகவே 'நிலை தெரியவில்லை' என்பது எப்போதோ வரும் விபத்து அல்ல. எந்தக் கட்டண அமைப்பிலும் வெற்றி, தோல்வி இரண்டுக்கும் சமமான மூன்றாவது நிலை அது. அந்த நிலைக்கு உங்கள் டேட்டாபேஸில் ஒரு மதிப்பும், திரையில் ஒரு பக்கமும், பின்னால் ஒரு வேலைத்திட்டமும் இருக்க வேண்டும். பல தளங்களின் ஆர்டர் அட்டவணையில் 'செலுத்தப்பட்டது', 'தோல்வி' என்ற இரண்டே மதிப்புகள்தான் இருக்கின்றன. பொய் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒழிக்க முடியாது என்றாலும் குறைக்க முடியும். குறைக்கக்கூடிய இடங்களிலும் கவனக்குறைவையே பார்க்கிறோம். காத்திருப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கேட்வே வங்கிக்காக 30 விநாடி காத்திருக்கிறது என்று வையுங்கள். வணிகரின் சர்வர் 10 விநாடியில் கையை உதறிவிட்டால், மீதி 20 விநாடியில் வரும் ஒவ்வொரு ஒப்புதலும் அனாதையாகிவிடும். வணிகரின் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸியோ லோட் பேலன்சரோ தனக்கென்று இன்னும் குறைவான நேரம் வைத்திருப்பதும் உண்டு; நிரலில் 40 விநாடி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், நடுவில் இருப்பது அதற்கு முன்பே இணைப்பைத் துண்டிப்பதைக் கவனிப்பதில்லை. பண்டிகைக்கால விற்பனையிலும் தள்ளுபடி நாட்களிலும் வங்கிகளின் பதில் மெதுவாகும்போது இந்த இடைவெளி ஒரேயடியாகப் பெரிதாகிறது. சாதாரண நாளில் 2 விநாடியில் பதில் வருவதால் சோதனைகளில் இது வெளியே தெரிவதே இல்லை.

"தோல்வி" என்ற பக்கத்தில் 'மீண்டும் முயலுங்கள்' என்ற பொத்தானும் இருக்கிறது. இரட்டை வசூலின் ஊற்றுக்கண் அது. நிலை தெரியாத ஒரு முயற்சியின் மேல் இன்னொரு முயற்சியை அடுக்கும்போது, முந்தையது உயிரோடு இருந்தால் பணம் இரண்டு முறை போகும். இதற்கான மருந்து புதிதல்ல. இணையப் பக்கங்கள் சர்வரோடு பேசும் ஹெச்டிடிபி நெறிமுறையில், தகவலைச் சமர்ப்பிக்கும் போஸ்ட் வகைக் கோரிக்கையை மறுபடி அனுப்பினால் விளைவும் மறுபடி நிகழலாம். அதனால்தான் கேட்வேக்கள் ஐடெம்போடென்சி கீ என்ற ஒன்றைக் கொடுக்கின்றன. ஒரே சாவியோடு எத்தனை முறை கோரினாலும் முதல் முறை நடந்ததன் பதிலே திரும்ப வரும். ஆனால் அந்தச் சாவியை எங்கே உருவாக்குகிறீர்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உருவானால் அது இருந்தும் பயனில்லை. ஆர்டரின் ஒரு கட்டண முயற்சிக்கு ஒரு சாவி என்று உருவாக்கி, கோரிக்கை கிளம்பும் முன்பே டேட்டாபேஸில் எழுதிவைத்து, ஒரே சாவி இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடும் அந்தப் புலத்துக்குப் போட வேண்டும். முந்தைய முயற்சி செத்துவிட்டது என்று கேட்வே உறுதி சொன்ன பிறகே அடுத்த சாவி பிறக்க வேண்டும். சாவிகளைக் கேட்வே எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதையும் பாருங்கள்; அந்தக் காலம் தாண்டிய மறுமுயற்சி புதிய கட்டணமாகிவிடும்.

வெப்ஹூக்குக்கு வருவோம். பிரவுசர் திரும்பாவிட்டாலும் 'இந்தக் கட்டணம் முடிந்தது' என்று கேட்வேயின் சர்வர் வணிகரின் சர்வருக்கு நேராகச் சொல்லும் செய்தி அது. இதை ஒழுங்காகக் கையாண்டாலே எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி எழாது. கையாளும் விதத்தில்தான் எத்தனை ஓட்டைகள்! செய்தி உண்மையானது என்று காட்டும் கையெழுத்து, வந்து சேர்ந்த மூல உரையின் மேல், ரகசியச் சாவி கொண்டு ஹெச்மேக் முறையில் கணக்கிடப்படுகிறது. நிரல் அந்த உரையை முதலில் ஜேசன் என்ற தரவு வடிவத்தின்படி புலம் புலமாகப் பிரித்து, மறுபடி உரையாக்கிச் சரிபார்த்தால், இடைவெளியோ புலங்களின் வரிசையோ மாறி, உண்மையான செய்தியே போலி என்று தள்ளப்படும். சில இடங்களில் இந்தத் தொல்லைக்குப் பயந்து சரிபார்ப்பையே நீக்கிவிடுகிறார்கள். அப்போது யார் வேண்டுமானாலும் 'பணம் வந்தது' என்ற செய்தியை அனுப்பிப் பொருளை வாங்கிவிடலாம். இன்னொரு தவறு, செய்தியைச் சேமிக்கும் முன்பே, கிடைத்தது என்று பொருள்படும் 200 குறியீட்டைப் பதிலாகச் சொல்லிவிடுவது. அந்த நொடியில் சர்வர் விழுந்தால் கேட்வே மறுபடி அனுப்பாது. அதற்குத்தான் 'கிடைத்தது' என்று சொல்லியாயிற்றே. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ரசீது தயாரிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, சரக்கிருப்பைக் குறைப்பது என எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பதில் சொல்வதால் நேரம் கடந்து, ஒரே செய்தி பலமுறை வருவது. முதலில் சேமியுங்கள், உடனே 200 சொல்லுங்கள், மற்ற வேலையை வரிசையில் போட்டுப் பிறகு செய்யுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரும், பின்னது முன்னே வரும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். தொகையையும் நாணயத்தையும் ஆர்டரோடு ஒப்பிடாமல் 'செலுத்தப்பட்டது' என்று மாற்றாதீர்கள். யென்னுக்குத் தசம இடம் கிடையாது, குவைத் தினாருக்கு 3 இடங்கள் உண்டு. சில்லறை அலகில் வரும் தொகையை எல்லா நாணயத்துக்கும் 100ஆல் வகுக்கும் நிரல் இங்கே தடுமாறும்.

தாமதமாக வரும் வெற்றியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டணம் 15 நிமிடத்துக்குள் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து சரக்கை விடுவிக்கும் தளங்கள் நிறைய. அது நியாயமே. ஆனால் 16ஆம் நிமிடம் வெற்றிச் செய்தி வந்தால்? 'ரத்தான ஆர்டர்' என்று பதிவேட்டில் ஒரு பிழை வரி எழுதிவிட்டு நிரல் நின்றுவிடுகிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. பணம் செட்டில்மென்டில் வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்பார்க்கும்போது ஆர்டரோடு பொருந்தாத வரவாக நிற்கிறது, அதைத் தனிக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். யாரோ ஒருவருடைய பணம் அது. பொருள் இன்னும் இருந்தால் ஆர்டரை உயிர்ப்பித்து அனுப்பலாம், இல்லையென்றால் அந்த நிமிடமே பணத்தை விடுவிக்கலாம். இரண்டில் எதையும் செய்யாமல் விடுவதை நியாயப்படுத்த எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

விடுவிப்பதிலும் வழி தெரிந்து செய்ய வேண்டும். கேப்சர் ஆகாத ஒப்புதலை வாய்ட் செய்தால், அதாவது ரத்து செய்தால், பிடிப்பு நீங்கும். பல வங்கிகளில் உடனேயே, சிலவற்றில் சற்றுத் தாமதமாக. கேப்சர் ஆன பிறகு ரீஃபண்ட் மட்டுமே வழி. ரீஃபண்ட் என்பது எதிர்த்திசையில் ஓடும் புதிய பரிவர்த்தனை; வங்கிகள் வசூல் விவரங்களைப் பரிமாறும் கிளியரிங், செட்டில்மென்ட் என்று எல்லாப் படிகளையும் அது மறுபடி ஏறி இறங்க வேண்டும். அந்த 5 முதல் 7 வேலை நாட்கள் என்ற எண் இங்கிருந்து வந்ததுதான். முதல் சில நிமிடங்களிலேயே நிலையைக் கேட்டு வாய்ட் செய்திருந்தால் வாங்குபவர் ஒரு வாரம் காத்திருக்கத் தேவையே வந்திருக்காது. உங்கள் மென்பொருளில் ரீஃபண்ட் பொத்தான் மட்டும் இருப்பதால் உங்கள் ஊழியர்கள் எல்லாவற்றுக்கும் அதையே அழுத்துகிறார்கள். கடன் கார்டில் பிடிப்பு என்பது வரம்பில் ஒரு குறைவு. டெபிட் கார்டில் அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வைத்திருந்த பணம். ஒரு வாரக் காத்திருப்பு இந்த இரு கார்டுக்காரர்களுக்கும் ஒன்றல்ல.

கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போகும் வகையில் இது இன்னும் கடுமை. இந்தியாவில் 2016இல் வந்த யுபிஐ, பிரேசிலில் 2020இல் வந்த பிக்ஸ் போன்றவற்றில் பிடித்துவைத்தல் என்ற இடைநிலை பொதுவாக இல்லை. பணம் உண்மையிலேயே கணக்கைவிட்டுப் போய்விடுகிறது. காலாவதியாகித் தானாக விடுபட அங்கே எதுவும் இருக்காது. கார்டுக்கு எழுதிய அதே வாசகத்தை அங்கேயும் ஒட்டிவைத்திருக்கிறீர்கள்.

புகார் செய்பவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். கடையைக் கேட்டால் 'எங்களுக்குப் பணம் வரவில்லை, வங்கியைக் கேளுங்கள்' என்ற பதில். வங்கியைக் கேட்டால் 'பணம் வணிகருக்குப் போய்விட்டது, அவரைக் கேளுங்கள்'. இரண்டு பேரும் தங்கள் திரையில் தெரிவதையே சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் கேட்வேயோடு பேச வாங்குபவருக்கு வழியே இல்லை. பரிவர்த்தனையைத் தேட உதவும் எண்கள் இல்லாமல் இல்லை. பரிவர்த்தனையைத் தேடும் 12 இட ஆர்ஆர்என் என்ற குறிப்பு எண் இருக்கிறது, 6 இட ஒப்புதல் குறியீடு இருக்கிறது, கிளியரிங் ஆனபின் வணிகரின் வங்கி தரும் 23 இலக்க ஏஆர்என் என்ற குறிப்பு எண் இருக்கிறது. ரீஃபண்டின் ஏஆர்என்னைக் கையில் கொடுத்தால் கார்டு வழங்கிய வங்கி அதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆனால் வாங்குபவருக்குக் கொடுக்கப்படுவது வங்கிக்கு ஒன்றும் புரியாத ஓர் ஆர்டர் எண். இந்தக் குழப்பத்தில், உதவி எண்ணை இணையத்தில் தேடப்போய் மோசடிக்காரர்கள் போட்டுவைத்த போலி எண்ணில் சிக்கி, இருந்த பணத்தையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் பொறுமை இழந்தவர் சார்ஜ்பேக் போடுகிறார், அதாவது கட்டணத்தைத் திருப்பிப் பெற்றுத் தரும்படி தன் வங்கியிடம் முறையிடுகிறார். கார்டு வலையமைப்புகளின் விதிப்படி அதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் உண்டு. வணிகருக்குத் தண்டக் கட்டணம், ஆவணங்கள் திரட்டும் வேலை, சார்ஜ்பேக் விகிதம் ஏறினால் கண்காணிப்புப் பட்டியல். அதே வேளையில் வணிகரின் கணக்குப் பிரிவு தாமதமாக விழித்து ரீஃபண்டும் போட்டுவிட்டால் ஒரே பணம் இரண்டு முறை திரும்புகிறது. அதை மீட்பது இன்னொரு தலைவலி. முதல் நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய ஒரு ஸ்டேட்டஸ் கேள்வியை மிச்சப்படுத்தி நீங்கள் பெறுவது இவ்வளவுதான்.

இது செய்யக்கூடியதே என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில், கணக்கில் பணம் கழிந்து வணிகரிடம் உறுதி வந்து சேராத இணைய வணிகப் பரிவர்த்தனைகளைப் பரிவர்த்தனை நாளுக்குப்பின் 5 நாட்களுக்குள் தானாகவே திருப்ப வேண்டும் என்றும், அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றும் விதித்தது. புகார் வராமலேயே, தானாக என்பதுதான் அதில் முக்கியமானது. ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நீங்களே செய்யலாம்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

வணிகத் தளங்களை நடத்துபவர்களே, இந்த வாசகத்தை நீக்குங்கள். மறுப்புக் குறியீடு வந்தால் மட்டும் தோல்வி என்று சொல்லுங்கள். கார்டு காலாவதி, இருப்புக் குறைவு, வங்கியை எட்ட முடியவில்லை என்று வாங்குபவர் அடுத்து என்ன செய்வது என்பது தெரியும்படி சொல்லுங்கள். தொலைந்த கார்டு, திருடுபோன கார்டு என்ற குறியீடுகளை மட்டும் திரையில் விளக்க வேண்டாம், அது திருடனுக்கு உதவும். பதில் வராதபோது, "உங்கள் கட்டணத்தின் நிலையை வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இப்போது மறுபடி செலுத்த வேண்டாம்" என்று எழுதி, மறுமுயற்சிப் பொத்தானை மூடிவையுங்கள். பின்னணியில் 10 விநாடி, 30 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், அதன்பின் மணிக்கொரு முறை என்று கேட்வேயிடம் நிலையைக் கேளுங்கள். முடிவு தெரிந்ததும் வாங்குபவருக்கு நீங்களே தகவல் அனுப்புங்கள். தாமதமாக வந்த வெற்றிக்குப் பொருளை அனுப்புவதா, பணத்தை விடுவிப்பதா என்பதை நிரலிலேயே எழுதிவையுங்கள். ஆர்டர் அட்டவணை, கேட்வேயின் செட்டில்மென்ட் அறிக்கை, வங்கி வரவு மூன்றையும் மாதம் ஒருமுறை அல்லாமல் தினமும் ஒத்துப்பாருங்கள். ஆர்டரோடு பொருந்தாத எந்த வரவும் அன்றே உரியவருக்குத் திரும்பட்டும்.

கேட்வே நிறுவனங்களே, வணிகர் எடுத்துக்கொள்ளாத ஒப்புதல்களை உங்களால் பார்க்க முடிகிறது. வெப்ஹூக்குக்கு 200 கிடைக்காமலும், ஸ்டேட்டஸ் கேள்வி வராமலும் இருக்கும் கட்டணங்களுக்குத் தானியங்கி கேப்சரை நிறுத்திவைக்கும் வசதியை இயல்பு அமைப்பாகக் கொடுங்கள். குறித்த நேரத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் வாய்ட் செய்யுங்கள். உங்கள் காத்திருப்பு நேரங்களை ஆவணத்தில் எண்ணாகவே வெளியிடுங்கள், அப்போதுதான் வணிகர் தன் நேரத்தை அதற்கு மேல் வைக்க முடியும். சோதனைச் சூழலில் 'ஒப்புதல் ஆனது, பதில் தொலைந்தது' என்ற நிலையையும் உருவாக்கிப் பார்க்க வழி செய்யுங்கள். வாங்குபவர் ஆர்ஆர்என் எண்ணை உள்ளிட்டுத் தன் பணம் எங்கே நிற்கிறது என்று நேரடியாகப் பார்க்க ஒரு பொதுப் பக்கம் திறந்துவையுங்கள். ரீஃபண்ட் போன ஒவ்வொருவருக்கும் ஏஆர்என் எண் தானாகப் போகட்டும்.

கார்டு வழங்கும் வங்கிகளே, ஒப்புதலின்போது அனுப்பும் குறுஞ்செய்தியில் 'பணம் எடுக்கப்பட்டது' என்று எழுதாமல், தொகை பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்றும், வசூலாகாவிட்டால் எந்தத் தேதியில் விடுபடும் என்றும் எழுதுங்கள். ரிவர்சலோ வாய்டோ வந்ததும் இரவு நேரத் தொகுப்புப் பணிக்காகக் காத்திராமல் அப்போதே பிடிப்பை நீக்கி, அதற்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒப்புதல் நடந்து கேப்சர் வந்ததா இல்லையா என்பது உங்கள் உதவி மையத்தில் அமர்ந்திருப்பவரின் திரையில் தெரியட்டும். 'வணிகரைக் கேளுங்கள்' என்று சொல்லும் முன் அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.

உங்களில் யார் இவற்றில் எதை, எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இணையக் கட்டண அமைப்புகளைக் கட்டுபவர்களும் அவற்றின் கணக்குகளை ஒத்துப்பார்ப்பவர்களும்